பீடி சுற்றும் பெண்களைப் போன் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எட்டாவதோடோ ஒன்பதாவதோடோ பள்ளியை விட்டு, இப்போது முப்பது நாற்பது வயதில் இருக்கும் பெண்களைத் தேர்வுக்குத் தயார்படுத்த நினைக்கும் தன்னார்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் ஊர் ஒன்றில் நாங்கள் செய்து பார்த்த வரிசை இது. எங்கள் முதல் குழு இரண்டே மாதத்தில் கலைந்தது. பாடம் எடுப்பதில்தான் முதலில் இறங்கினோம். பாடம் வர வேண்டிய இடம் ஏழாவது படி என்பது பிறகுதான் புரிந்தது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஏன் அந்த இடம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்குமுன் உங்களிடம் இருக்க வேண்டியவை: பத்துப் பதினைந்து பெண்களுக்கு இரண்டு தன்னார்வலர்கள் (ஒருவராவது அந்தத் தெருவுக்குத் தெரிந்த பெண்ணாக இருக்கட்டும்), இந்த வேலைக்கென்று தனி சிம், ஒரு கோடு போட்ட நோட்டு, வாரம் ஒருமுறை கூட ஓர் இடம். மடிக்கணினி தேவையில்லை.

1. பகல் முழுக்க ஒரு வீட்டில் உட்கார்ந்து நேரக் கணக்கு எடுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் முதல் பிழை, "இரவு எட்டு மணிக்கு நேரலை வகுப்பு" என்று அறிவிப்பது. எட்டு மணிக்கு அடுப்பில் தோசைக்கல் இருக்கிறது. பிள்ளையின் வீட்டுப்பாடம் இருக்கிறது. போன் கணவர் கையில் இருக்கிறது.

காலையிலிருந்து இரவு வரை ஒரு வீட்டில் கூடவே இருந்து, கண்ணுக்கு எப்போது ஓய்வு, கைக்கு எப்போது ஓய்வு, காதுக்கு எப்போது ஓய்வு என்று மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். இது ஏதோ பெரிய ஆய்வு இல்லை. ஆனால் இந்த ஒரு பக்கக் குறிப்புதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

நாங்கள் கண்டது இது. மடியில் சுளகு, அதாவது முறம். நனைத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிக்கும்போது கண்ணும் கையும் இரண்டும் வேண்டும். வெட்டி முடித்துத் தூளை வைத்துச் சுற்றத் தொடங்கிவிட்டால், இருபது வருடப் பழக்கம். விரல்கள் தாமாகவே உருட்டும், நுனியை மடக்கும், நூலைச் சுற்றி அறுக்கும். கண் சில சமயம் வாசலைப் பார்க்கும். காதுக்கு வேலையே இல்லை. அந்த நேரத்தில்தான் தொலைக்காட்சித் தொடரோ பாட்டோ ஓடுகிறது. நாள் ஒன்றுக்கு நான்கைந்து மணி நேரம் காது காலியாக இருக்கிறது.

கண், கை, காது மூன்றும் சேர்ந்து ஓய்வாக இருப்பது, கடையில் பீடியை ஒப்படைத்து மறுநாளுக்கு இலையும் தூளும் வாங்கி வந்தபின் கிடைக்கும் அரை மணி நேரம் மட்டுமே. ஆகவே எங்கள் திட்டம் இப்படி அமைந்தது: சுற்றும் நேரத்தில் காதால் கேட்கும் இருபது நிமிடப் பாடம், மாலையில் அரை மணி எழுத்து. இதற்குமேல் கேட்டால் அது தூக்கத்திலிருந்தோ பீடி எண்ணிக்கையிலிருந்தோதான் வரும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. எண்ணிக்கை நூறு குறைந்தாலே வீட்டில் கேள்வி வரும், கேள்வி வந்த மறுநாள் படிப்பு நிற்கும்.

உங்கள் ஊரில் வேலை வேறாக இருந்தால் கணக்கும் வேறு. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குப் பின்னல் இயந்திரம் ஓடும் நேரத்திலோ தையல் நேரத்திலோ போனைத் தொட முடியாது. அவர்களுக்குக் கம்பெனி வேனில் போகும் நேரம்தான் வகுப்பறை. எந்த ஊரானாலும் முதலில் கணக்கு எடுங்கள்.

2. போன் யாருடையது என்று கேளுங்கள்

"வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் "இருக்கிறது" என்பார்கள். அந்தப் பதிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். வீட்டில் இருக்கும் போனும் பெண்ணின் கையில் இருக்கும் போனும் ஒன்றல்ல.

நான்கு கேள்விகளைத் தனியாக, வேறு யாரும் அருகில் இல்லாதபோது கேளுங்கள். போன் யாருடையது? ரீசார்ஜ் யார் செய்கிறார்? பகலில் எந்த மணிக்கு உங்கள் கையில் இருக்கும்? சிம் யார் பெயரில்?

பதிலைப் பொறுத்து மூன்று குழு அமையும். சொந்தப் போன் உள்ளவர்களுக்குச் சிக்கல் இல்லை. கணவரோ மகனோ வேலைக்கு எடுத்துச் செல்லும் போன் என்றால், பாடத்தைக் காலை ஆறு மணிக்கு அனுப்பிவிட்டு, அவர் கிளம்புமுன் கேட்கும்படி செய்ய வேண்டும். அல்லது அடுத்த வீட்டில் போன் உள்ளவரோடு இணைத்துவிட வேண்டும். இரண்டு பெண்கள் ஒரே திண்ணையில் சுளகை வைத்துக்கொண்டு ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது, எங்கள் அனுபவத்தில் தனியாகக் கேட்பதைவிட நன்றாகவே நடந்தது. ஒருவர் நிறுத்த நினைக்கும் நாளில் மற்றவர் விடுவதில்லை.

பட்டன் போன் மட்டும் உள்ளவர்களை விட்டுவிடாதீர்கள். சாதாரண அழைப்பிலேயே நான்கைந்து பேரைச் சேர்த்துக் கான்பரன்ஸ் கால் போடலாம். நமக்கு வரம்பில்லா அழைப்புத் திட்டம் இருந்தால் போதும், அவர்களுக்குச் செலவே இல்லை.

இன்னொன்று: நன்கொடையாளர் கிடைத்தவுடன் புதுப் போன் வாங்கிக் கொடுக்கும் ஆசை வரும். வேண்டாம். அது ஒரே வாரத்தில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கைக்குப் போய்விடும். அதைத் தாய் மறுக்கவும் மாட்டார். அந்தப் பணத்தில் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்கு ரீசார்ஜ் செய்து கொடுங்கள்.

போனின் உரிமையாளரிடம், அதாவது கணவரிடமோ மகனிடமோ, நேரில் ஒருமுறை பேசுவது கட்டாயம். என்ன அனுப்புவோம், எந்த நேரத்தில் அனுப்புவோம், யார் குரலில் வரும் என்பதைச் சொல்லி, ஒரு பாடத்தை அவரையே கேட்கச் செய்யுங்கள். தெரியாத எண்ணிலிருந்து மனைவிக்குக் குரல் பதிவு வருவதைப் பார்த்துவிட்டு ஒருவர் போனையே வாங்கி வைத்துக்கொண்டார். பிழை அவருடையது அல்ல, சொல்லாமல் அனுப்பிய எங்களுடையது.

3. எந்தத் தேர்வு என்பதை முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

ஒன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் கட்டாயம், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் வேண்டும். முதன்முறை எழுதுபவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

மற்றொன்று, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ். 14 வயது நிறைந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. குறைந்தது ஒரு மொழியுடன் ஐந்து பாடங்களில் தேற வேண்டும், ஒவ்வொன்றிலும் 33 சதவீதம். கணிதம் கட்டாயமில்லை. மனையியல், வணிகவியல், பொருளியல் போன்றவற்றையும் எடுக்கலாம். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள். தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டாம்.

பாதியில் விட்டு இருபது வருடம் ஆனவர்களுக்கு இரண்டாவது வாசலே ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து. காரணம் பாடம் எளிது என்பதல்ல. ஒரே நேரத்தில் ஐந்தையும் எழுத வேண்டியதில்லை என்பதுதான். முதல் தேர்வில் தமிழும் மனையியலும் மட்டும் எழுதித் தேறிய பெண், அடுத்த தேர்வுக்கு நம்மை அழைத்துக் கேட்கிறார். ஐந்தும் எழுதி மூன்றில் தவறியவர் போனையே எடுப்பதில்லை.

ஆனால் சான்றிதழ் எதற்கு என்பதை ஒவ்வொருவரிடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அங்கன்வாடி வேலைக்கா, செவிலியர் பயிற்சிக்கா, பாலிடெக்னிக்கிற்கா, அல்லது பிள்ளைகள் முன்னால் "நானும் பத்தாவது" என்று சொல்லவா? கடைசிக் காரணத்தைச் சிறிதென்று எண்ணாதீர்கள். எங்கள் குழுவில் பாதிப்பேர் அதற்காகவே படித்தார்கள். வேலைக்கோ மேற்படிப்புக்கோ என்றால், அந்த இடத்தில் எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள், கணிதமும் அறிவியலும் வேண்டுமா என்று விண்ணப்பிக்குமுன் நேரில் விசாரித்துவிடுங்கள். மூன்றாண்டு உழைத்தபின் "இது செல்லாது" என்று கேட்கும்படி ஒருவரை விட்டுவிடக் கூடாது.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தப் பாடத்தின் புத்தகம் தமிழில் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்வழியில் எழுதலாம் என்பது ஒன்று, தமிழில் புத்தகம் கையில் வந்து சேர்வது இன்னொன்று.

4. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்

"எட்டாவது வரை படித்தேன்" என்பது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய செய்தி. இன்று என்ன வாசிக்க முடிகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் கணவருக்கோ மகளுக்கோ எழுதுவதுபோல் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். தேர்வு என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அடுப்படியில் பேச்சோடு பேச்சாக நடக்கட்டும்.

தடுமாறாமல் வாசிப்பவர்கள் நேரடியாகச் சேரலாம். எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களுக்கு மூன்று நான்கு மாதம் வாசிப்புப் பயிற்சி மட்டும். எழுத்தே மறந்துபோனவர்களைப் பத்தாம் வகுப்புக் குழுவில் சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. அவர்களுக்கு 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. 2022இல் தொடங்கி 2027 வரை நடப்பது. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கேட்டால் மையம் எங்கே என்று சொல்வார்கள். அங்கே சேர்த்துவிட்டு, தொடர்பை விடாதீர்கள்.

5. பெயரையும் பிறந்த தேதியையும் நேர்செய்யுங்கள்

படிப்பைத் தொடங்கிய பிறகு ஆவணம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து நான் இழந்தது ஒரு முழுத் தேர்வுப் பருவம். பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், ஆதாரில் கணவரின் இனிஷியல் இருக்கும். ஒன்றில் "முத்துலெட்சுமி", மற்றொன்றில் "முத்துலக்ஷ்மி". பிறந்த தேதி ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும். அட்டை எடுத்த நாளில் ஆண்டு மட்டும் சொல்லியிருப்பார்கள்.

எல்லா ஆவணங்களையும் தரையில் பரப்பி வைத்து, பெயர், இனிஷியல், தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எதைத் திருத்துவது என்பதை முடிவு செய்து, திருத்தம் முடிந்தபின் விண்ணப்பியுங்கள். சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்துவது பல மடங்கு அலைச்சல்.

ஆதார் திருத்தத்துக்குப் போகும்போது ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஆண்டுக்கணக்கில் இலையும் நூலும் உரசிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். கருவியில் விரலை வைத்தால் "பொருந்தவில்லை" என்று வரும். முதல்நாள் இலை வெட்டாமல், கைகளில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துப் போகச் சொல்லுங்கள். ஒரு விரல் பொருந்தாவிட்டால் பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லலாம், கண் பதிவையும் கேட்கலாம். "உங்கள் கை சரியில்லை" என்று அங்கே யாராவது சொன்னால் அவர் மனம் உடைந்து திரும்பிவிடுவார். கூட ஒருவர் போவது அதற்காகத்தான்.

எட்டாம் வகுப்புச் சான்றே கிடைக்காதவர்கள், பத்தாம் வகுப்புப் பாடங்களைப் படிக்கும் திறன் தமக்கு உண்டு என்று சுய உறுதிமொழி தந்து என்ஐஓஎஸ்ஸில் சேர முடியும். பள்ளியே மூடப்பட்டுவிட்டது என்று தயங்கி நிற்பவர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள். வயதுக்கான சான்று கட்டாயம்.

பதிவு செய்யும் கைபேசி எண் அந்தப் பெண்ணிடமே ஐந்தாண்டும் இருக்கப்போகிற எண்ணாக இருக்க வேண்டும். உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். நீங்கள் ஊர் மாறினால் அவர் ஓடிபி இல்லாமல் நிற்பார். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத எண் முடக்கப்பட்டுப் பிறகு வேறொருவருக்குப் போகக்கூடும் என்பதையும் சொல்லுங்கள். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், பதிவு எண் மூன்றையும் அவரவர் நோட்டின் பின்னட்டையில் அவரவர் கையாலேயே எழுத வையுங்கள்.

6. முதல் இரண்டு வாரம் போனை மட்டும் கற்றுக்கொடுங்கள்

பாடம் தொடங்கும்போதே போனையும் சேர்த்துக் கற்றால், எது புரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. போன் வராததை "எனக்குப் படிப்பு வராது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்த இரண்டு வாரம்.

ஐந்தே ஐந்து செயல்கள்: குரல் பதிவைக் கேட்பது, பாதியில் நிறுத்திப் பின்னால் நகர்த்துவது, குரல் பதிவு அனுப்புவது, நோட்டைப் படம் எடுத்து அனுப்புவது, படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. நாளுக்கு ஒன்று, மறுநாள் அதையே மறுபடி. பாடத்துக்குப் பதில் "இன்று என்ன குழம்பு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயக்கம் இருக்காது.

குரல் பதிவு அனுப்புவதில்தான் எல்லோரும் திணறுவார்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பேச வேண்டும். ஈரக் கையில் விரல் வழுக்கிவிடும், பதிவு அறுந்துபோகும். அழுத்தியபடி மேல்நோக்கித் தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு கையை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம். இதை நேரில், அவர் விரலாலேயே பத்துமுறை செய்ய வையுங்கள். நீங்கள் போனை வாங்கிச் செய்து காட்டினால் அவர் கற்பதில்லை. இது கடினமான கட்டுப்பாடு. என் கை எத்தனையோ முறை நீண்டிருக்கிறது.

சேமிப்பிடத்தையும் இப்போதே காலி செய்யுங்கள். உறவினர் குழுக்களிலிருந்து வரும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் நிரம்பிக் கிடக்கும். வாட்ஸ்அப் அமைப்புகளில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தில் பாடம் திறக்கவில்லை என்று வருவார்கள்.

இந்த வாரங்களிலேயே மோசடி பற்றியும் சொல்லிவிடுங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் போடத் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும். இதைக் கற்ற ஒரு பெண் தன் வீட்டில் கணவருக்கு வந்த மோசடி அழைப்பைத் தடுத்தார். அதன்பின் அந்த வீட்டில் படிப்புக்கு எதிராக ஒரு சொல் எழவில்லை.

7. பாடத்தைக் காதுக்காகச் செய்யுங்கள்

இப்போதுதான் பாடம். யூடியூப் இணைப்புகளை வரிசையாக அனுப்பிவைப்பது பாடம் ஆகாது. வீடியோவுக்குக் கண் வேண்டும், டேட்டா வேண்டும், இரண்டும் அவர்களிடம் குறைவு. நான்கு நிமிடக் குரல் பதிவுக்கு ஓர் எம்பிகூடப் பெரும்பாலும் செலவாகாது.

ஒரு நாள் பாடம் என்பது நான்கு நான்கு நிமிடமாக மூன்று அல்லது நான்கு குரல் பதிவுகள். நீளமான ஒரே பதிவாக அனுப்பினால், நடுவில் பால்காரர் வந்துவிட்டுப் போனபின் விட்ட இடத்தைத் தேடுவது பெரும்பாடு. அடுத்தடுத்து அனுப்பிய பதிவுகளை வாட்ஸ்அப் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓட்டும். முதல் பதிவைத் தொட்டுவிட்டால் போதும். தூள் படிந்த கையால் மறுபடி திரையைத் தொட வேண்டாம். ஆனால் நடுவில் ஒரு படத்தையோ எழுத்துச் செய்தியையோ செருகினால் அந்தத் தொடர் அறுந்துவிடும். எனவே புத்தகப் பக்கத்தின் படத்தை முதலில் அனுப்புங்கள், பதிவுகளை அதன்பின் வரிசையாக அனுப்புங்கள்.

ஒவ்வொரு பதிவையும் "மனையியல், பாடம் ஏழு, இரண்டாம் பகுதி" என்று குரலாலேயே தொடங்குங்கள். குரல் பதிவுக்குத் தலைப்புக் கிடையாது, தேர்வு நேரத்தில் தேடும்போது இதுதான் அடையாளம்.

பேசும் முறை: முதலில் ஒரு கேள்வி. பிறகு விளக்கம். பிறகு அந்தக் கேள்வியே மறுபடி, பத்து நொடி மௌனம், பிறகு பதில். அந்த மௌனத்தை விட்டுவிடாதீர்கள். சுளகின் முன் உட்கார்ந்தபடி அவர் வாய்விட்டுப் பதில் சொல்வது அந்தப் பத்து நொடியில்தான்.

உதாரணத்தை அவர்கள் கையிலிருந்தே எடுங்கள். சதவீதம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வட்டிக் கணக்கில் தொடங்கினேன், யாருக்கும் ஏறவில்லை. பிறகு கடைக் கணக்கை எடுத்தேன்: "ஆயிரம் பீடி கொண்டுபோனீர்கள், ஐம்பதைக் கழித்துவிட்டார்கள். நூற்றுக்கு எத்தனை?" நான் அடுத்த பதிவைத் தொடங்குமுன்பே ஒருவரிடமிருந்து பதில் வந்தது: "நூற்றுக்கு ஐந்து. அதற்கு இலை சரியில்லாததுதான் காரணம், என் கை இல்லை." கணக்கு அவருக்குள் எப்போதும் இருந்திருக்கிறது. அதற்குப் பள்ளியில் வைத்த பெயர் மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

வாரத்துக்கு ஐந்து நாள் போதும். ஆறாம் நாள் திருப்புதல், ஏழாம் நாள் நேரில் கூடுவது.

8. தவறைத் தனியாகத் திருத்துங்கள்

வாட்ஸ்அப் குழு தொடங்குவது எளிது. அதில் இரண்டு கேடுகள் உண்டு. எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் தவறாகச் சொன்ன பதில் தெரு முழுக்கத் தெரியும். மறுநாளிலிருந்து அவர் பதிலே அனுப்ப மாட்டார்.

பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புங்கள். ஒரே செய்தி எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும், பதிலும் தனித்தனியாக நம்மிடமே வரும். ஒரு நிபந்தனை: அவர்கள் போனில் நம் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். "அனுப்பினீர்களா? எனக்கு வரவே இல்லையே" என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

நோட்டுப் படம் வந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் குரலில் போக வேண்டும். சரியான ஒன்றை முதலில் சொல்லி, ஒரே ஒரு தவறை மட்டும் திருத்துங்கள். ஒரு பக்கத்தில் பதினைந்து எழுத்துப்பிழை இருந்தாலும் ஒன்றைத்தான். எல்லாவற்றையும் சிவப்பாகச் சுழித்து அனுப்பினால், பழைய பள்ளிக்கூடம் மறுபடி கண்முன் வந்துவிடும். பலர் பள்ளியை விட்டதற்கு வறுமையோடு அந்தச் சிவப்பு மையும் ஒரு காரணம்.

9. ஞாயிறு மாலை நேரில் கூடுங்கள்

போன் மட்டும் போதாது. இதில் எனக்கு ஐயமே இல்லை. வாரத்தில் ஒன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கோயில் மண்டபமோ முஸ்லிம் தெருவின் தைக்காவோ நூலகமோ, அவர்கள் வீட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கட்டும். கைக்குழந்தையோடு வர இடம் கொடுங்கள்.

அங்கே புதுப் பாடம் நடத்தாதீர்கள். வராதவர்கள் பின்தங்கிவிடுவார்கள், பின்தங்கியவர் அடுத்த வாரமும் வர மாட்டார். அந்த வாரம் கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டுவது, சேர்ந்து எழுதுவது, போன் கோளாறுகளைச் சரிசெய்வது ஆகியவை மட்டும்.

10. மௌனமானவரை மூன்றாம் நாளே அழையுங்கள்

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே பதில் வந்த நாளைக் குறியுங்கள். மூன்று நாள் பதில் இல்லையென்றால் அழையுங்கள். ஒரு வாரம் கடந்தால் வெட்கம் சேர்ந்துவிடும், பிறகு தெருவில் நம்மைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள்.

"ஏன் படிக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "அக்கா, வீட்டில் எல்லோரும் நலமா? போன் வேலை செய்கிறதா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ரீசார்ஜ் முடிந்திருக்கும், மாமியாருக்கு உடம்பு முடியாமல் இருக்கும், அல்லது மகளின் சடங்கு வந்திருக்கும். விட்ட பாடங்களை முழுவதும் கேட்கச் சொல்லாமல், இன்றைய பாடத்திலிருந்தே தொடரச் சொல்லுங்கள். பாக்கி என்று ஒன்று இருந்தால் கடன்போல் அது அழுத்தும்.

தர்கா கந்தூரி, கோயில் கொடை, ஆடித் தபசு, ரமலான் மாதங்களில் பாடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்து வைத்தால் ஏமாற்றம் இருக்காது.

11. கேட்டதை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள்

இந்த முறையின் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. காதால் கேட்டு எல்லாம் தெரிந்துகொண்ட பெண், தாளில் நான்கு வரிக்குமேல் எழுத முடியாமல் நிற்பார். பேனா பிடித்து இருபது வருடமான கை அரை மணியில் வலிக்கத் தொடங்கும்.

முதல் மாதத்திலிருந்தே தினமும் பத்து வரி. மூன்றாம் மாதம் ஒரு பக்கம். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஞாயிறுகளில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, கடைசியில் முழுத்தேர்வு. சொன்னதை அப்படியே எழுதச் செய்வது நல்ல வழி: அவர் குரலில் அனுப்பிய பதிலை அவரே கேட்டு, நிறுத்தி நிறுத்தித் தாளில் எழுத வேண்டும்.

என்ஐஓஎஸ் பாடங்களில் ஒப்படைப்புக்கு (அசைன்மென்ட்) 20 சதவீத மதிப்பு உண்டு. கையால் எழுதித் தர வேண்டிய இதைப் பலர் அலட்சியப்படுத்தி, பிறகு இரண்டு மூன்று மதிப்பெண்ணில் தவறுகிறார்கள். எழுத்துப் பயிற்சியையே ஒப்படைப்பாக்கிவிட்டால் வேலை இரண்டும் முடியும். கெடுவையும் அனுப்பும் முறையையும் ஒவ்வொரு பருவத்திலும் நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்து உறுதி செய்யுங்கள். அவர்களுக்காக நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

12. தேர்வுக்கு முந்தைய பத்து நாள்

தேர்வுக்கட்டணம் சேர்க்கைக் கட்டணத்தோடு சேர்ந்தது என்று நினைத்துவிடுவார்கள். அது தனி, அதற்குத் தனிக் கெடு. அந்தக் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரிடமும் ரசீதைப் பாருங்கள்.

நுழைவுச்சீட்டு வந்ததும் அச்செடுத்து இரண்டு படி கொடுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று பையில். தேர்வு மையம் பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கும். ஒருநாள் முன்னதாக எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிச்சென்று அந்தக் கட்டடத்தையும் கழிப்பறையையும் காட்டிவிட்டு வாருங்கள். அறியாத ஊரில் கழிப்பறை எங்கே என்று தெரியாததால், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் தேர்வெழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேர்வு நாட்களில் பீடி எண்ணிக்கை குறையும். அதை முந்தைய இரண்டு வாரத்தில் நாளுக்கு ஐம்பது நூறு கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டப் பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் படிப்பும் வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்னதாகவே பேசி, இலை நறுக்குவதையும் கட்டுப் போடுவதையும் பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். மகள்கள் இதை மகிழ்ச்சியோடு செய்கிறார்கள்.

முடிவு வந்த அன்றே ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள், தவறியவர்களை முதலில். தேறிய பாடம் எது, மீதி எத்தனை, இன்னும் எத்தனை வாய்ப்பு இருக்கிறது என்பதை அவர் நோட்டின் பின்னட்டையில், கடவுச்சொல்லுக்குக் கீழே எழுத வையுங்கள். அடுத்த தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டிய தேதியையும் அதனடியில் எழுதிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுத்த பாடத்தின் முதல் பதிவை அனுப்புங்கள்.